விளாவு என்று எழுதியவன்

கல்யாணத்தில் மேளக்காரர் லேட்டாக வந்தால் சமாளிக்கலாம். சாம்பாரில் உப்பு தூக்கலாக விழுந்துவிட்டால் ரசத்தைச் சீக்கிரம் கொண்டுவரச் சொல்லிச் சமாளிக்கலாம். மாப்பிள்ளையே அரை மணி நேரம் கழித்து வந்தாலும் பாண்டி பஜார் டிராஃபிக் மேல் பழியைப் போடலாம். ஆனால் முகூர்த்தத்தன்று காலையில் சம்பந்தி வீட்டாருக்கு வெந்நீர் வரவில்லை என்றால், அதைச் சமாளிக்க இந்த உலகத்தில் வழியே கிடையாது. எனக்குத் தெரியும். வராமல் செய்தவன் நான்தான்.

இதை நான் ஒத்துக்கொண்டது சமீபத்தில்தான். பதினைந்து வருஷமாக எங்கள் குடும்பத்தில் இது ஒரு ஜோக்காக ஓடிக்கொண்டிருக்கிறது. வளைகாப்பு, கிரகப்பிரவேசம், அமெரிக்காவிலிருந்து யாராவது வந்தால் ஹோட்டலில் சாப்பாடு, எங்கே நாலு பேர் கூடினாலும் பாயசம் வருவதற்குள் இது வந்துவிடும். அதில் நான் கோமாளி. கோமாளி வேஷம் எனக்கு ரொம்ப சௌகரியமாக இருந்தது, அதனால் நானும் வாயைத் திறக்கவில்லை.

அம்மாவின் அண்ணா சேது மாமாவுக்கு தி.நகரில் ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. மூன்று மாடி, இருபத்து நாலு ரூம். பின்பக்கம் தகரக் கொட்டகையில் ஒரு விறகு பாய்லர். அதில் சுடும் வெந்நீர் பைப் வழியாக மூன்று மாடியும் சுற்றிவிட்டு மறுபடி பாய்லருக்கே திரும்பி வரும். நான் அப்போது மெக்கானிக்கல் இன்ஜினியர். அதாவது, பாஸ் பண்ணி எட்டு மாசமாக மயிலாப்பூர் வீட்டில் உட்கார்ந்து, தினமும் இரண்டு வேளை காபியும் மூன்று வேளை திட்டும் வாங்கிக்கொண்டிருந்த மெக்கானிக்கல் இன்ஜினியர்.

ஒரு நாள் மாமா போன் பண்ணினார்.

"ஏண்டா ரகு, ஆத்துல சும்மாத்தானே ஒக்காந்துண்டிருக்கே? வந்து இந்த பாய்லரைப் பாரேன். நாலு வருஷம் படிச்சியே, அதுல பாய்லர் வந்துதோல்லியோ?"

(வந்தது. பரீட்சையில் அந்தக் கேள்வியைச் சாய்ஸில் விட்டேன். அதை மாமாவிடம் சொல்லவில்லை.)

போனேன். மூன்று வருஷத்தில் இரண்டு பாய்லர் அடிவயிறு ஓட்டை விழுந்து போயிருந்தன. இப்போது இருப்பது மூன்றாவது. அதுவும் கறுப்பாக ஒழுக ஆரம்பித்திருந்தது. பாய்லர் விற்ற கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு, வியாதி என்ன என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். திரும்பி வரும் தண்ணீர் ரொம்பப் பச்சையாக வருகிறது. காலையில் இருபத்து நாலு ரூமிலும் ஒரே நேரத்தில் குழாயைத் திறக்கிறார்கள், மொட்டை மாடித் தொட்டியிலிருந்து பச்சைத் தண்ணீர் திபுதிபுவென்று ரிட்டர்ன் பைப்பில் இறங்கி பாய்லருக்குள் பாய்கிறது. அடுப்பில் எரிகிற விறகுப் புகை அந்தக் குளிர்ந்த இரும்பில் பட்டு வேர்க்கிறது. அந்த வேர்வை புளித்த வேர்வை, இரும்பைத் தின்றுவிடும். சென்னையில் எல்லோருக்கும் சூட்டில் வேர்க்கும். இந்த ஒரு ஜீவனுக்குக் குளிரில் வேர்த்தது.

வைத்தியமும் அவரே சொல்லியிருந்தார். சூட்டைப் பார்த்துத் தானாகவே கலந்து கொடுக்கும் வால்வு ஒன்று உண்டு, வெளிநாட்டுச் சரக்கு, வரவழைத்து மாட்டினால் கவலையில்லை. விலையைக் கேட்டதும் மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் கேட்டிருக்கிறார். விலை மாறவில்லை.

"அவ்ளோ பணத்தைக் கொண்டுபோய் ஒரு குழாய்ல கொட்டறதுக்கு நான் என்ன பைத்தியமா? நீ ஏதாவது சிக்கனமா வழி பண்ணு. இந்த பாய்லரும் ஓட்டை விழுந்துதுன்னா தூக்கிக் கடாசிட்டு ரூமுக்கு ஒரு கீசர் மாட்டிடுவேன். வெறகும் வேண்டாம், வெறகு போடறவாளும் வேண்டாம்."

விறகு போடுகிறவர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். செல்வி அக்கா. என்னைவிடப் பத்து வயசு பெரியவராக இருக்கலாம். முதலில் அந்த வேலையைப் பார்த்தது அவர் வீட்டுக்காரர். அந்த மனுஷன் ஒரு தைக் கிருத்திகைக்குத் திருத்தணி போவதாகச் சொல்லிவிட்டுப் போனவர், இன்னும் போய்க்கொண்டேதான் இருக்கிறார். மறுநாளே ஒரு கல்யாணம் இருந்தது. செல்வி அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து அடுப்பைப் பற்றவைத்தார், அதிலிருந்து அவர்தான். வீடு கோட்டூர்புரத்தில் ஆற்றங்கரைக் குடிசை. "ஆத்துக்குக் கிளம்பியாச்சா செல்வி?" என்று மாமா கேட்பார். மாமாவுக்கு ஆத்துக்கு என்றால் வீட்டுக்கு, அக்காவுக்கு ஆத்துக்கு என்றால் ஆற்றுக்கு. இரண்டு பேருக்குமே கேள்வி சரியாகத்தான் இருந்தது.

மாமா உள்ளே போனதும் அக்கா கையிலிருந்த விறகைக் கீழே போட்டார்.

"இன்னா தம்பி, நீதான் இன்ஜினியரா? கேட்டுக்கினியா உங்க மாமா சொன்னத்த? இத்தத் தூக்கிட்டா என்னையும் சேத்துதான் தூக்குவாரு. ரெண்டு பொண்ணு ஸ்கூலுக்குப் போய்க்கினு கீது. எதுனா பண்ணு நைனா."

"பண்ணிடலாம்க்கா" என்றேன், சாய்ஸில் விட்ட தைரியத்தில்.

எனக்கும் ஒரு தூண்டில் போட்டிருந்தார் மாமா. இதைச் சரி பண்ணிவிட்டால் அவருடைய சிநேகிதர் கம்பெனியில் எனக்கு வேலை. ஆக, இரண்டு பேர் வேலை அந்த பாய்லரின் வயிற்றில் இருந்தது. எதற்குச் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்ததற்கு நான் ஒன்றும் விவரம் தெரியாத குழந்தை இல்லை.

இரண்டு நாள் யோசித்தேன், மூன்றாம் நாள் பழைய பாடப்புத்தகத்தைத் தூசி தட்டினேன். (யோசிக்காமல் முதல் நாளே தட்டியிருக்கலாம்.) விஷயம் சுலபம். பாய்லரிலிருந்து வெளியே போகும் சூடான பைப்புக்கும் திரும்பி வரும் ரிட்டர்ன் பைப்புக்கும் நடுவே கீழேயே ஒரு குறுக்குப் பைப். வெந்நீரில் கொஞ்சம் மாடி ஏறாமல் குறுக்கே ஓடிவந்து, திரும்பி வரும் பச்சைத் தண்ணீரோடு கலந்துவிடும். பாய்லருக்குள் போகும்போது தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். எவ்வளவு கலக்க வேண்டுமோ அதற்குத் தக்கபடி திருகிக்கொள்ள நடுவில் ஒரு வால்வு. தானாகக் கலக்கும் வெளிநாட்டு வால்வுக்குப் பதிலாக, கையால் திருகும் உள்ளூர் வால்வு. அவ்வளவுதான் என் கண்டுபிடிப்பு. உலகத்தில் எனக்கு முன்னால் லட்சம் பேர் செய்ததுதான், ஆனால் மயிலாப்பூரில் எங்கள் தெருவில் நான்தான் முதல்.

பைப், ஆதம்பாக்கத்தில் இடித்த ஒரு வீட்டிலிருந்து வந்தது. வால்வு பழைய இரும்புக் கடையில் கிடைத்தது, பிடி மட்டும் இல்லை, கொட்டகையில் கிடந்த சைக்கிள் பெடலின் இரும்பை வைத்துப் பற்றவைத்தோம். சூடு பார்க்கத் தெர்மாமீட்டர் வாங்க மாமா சம்மதிக்கவில்லை. செல்வி அக்காவே அதற்கும் வழி சொன்னார். ரிட்டர்ன் பைப்பில் உள்ளங்கையை வைத்தால் மூன்று எண்ணும் வரை தாங்க வேண்டும், ஐந்து எண்ணுவதற்குள் எடுத்துவிட வேண்டும். அந்தச் சூடு வருகிற வரை வால்வைத் திருகிப் பார்த்தோம். கால் வாசி திறந்தால் போதும் என்று தெரிந்தது.

அதற்கப்புறம் நடந்த நாலு கல்யாணத்திலும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. அக்கா அடுப்புக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் கரியாக வெளியே வந்து, "ஒழுவல தம்பி! காஞ்சி கீது!" என்று கத்தினார். பாய்லர் நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார், எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். என் வாழ்க்கையில் நான் படித்த படிப்புக்கு ஒரு மனுஷர் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. நான் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

நிறுத்தவில்லை. வால்வுக்குப் பேர் எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது. கல்லூரி லேபில் எல்லா வால்வுக்கும் பேர் எழுதியிருப்பார்கள், என் வால்வுக்கு மட்டும் இல்லாவிட்டால் எப்படி? சிவப்பு பெயின்ட் வாங்கி, கொட்டகைச் சுவரில் வால்வுக்கு மேலே அழகாக 'பைபாஸ்' என்று எழுதினேன். ஒரு மணி நேரத்தில் மாமா வந்துவிட்டார்.

"டேய், என்னடா இது கண்றாவி! அடுத்த மாசம் இங்க நம்ம வைஷ்ணவி கல்யாணம். சம்பந்தியோட தம்பிக்குப் போன மாசம்தான் பைபாஸ் ஆயிருக்கு. அவா யாராவது இதைப் பாத்தா என்ன நெனைச்சுப்பா? அழி மொதல்ல!"

வைஷ்ணவி மாமாவின் ஒரே பெண். சொந்த மண்டபத்தில் சொந்தப் பெண்ணின் கல்யாணம். மாமா அந்த ஒரு மாசமும் தரையில் கால் பாவாமல் நடந்துகொண்டிருந்தார். அழித்தேன். பதிலுக்கு என்ன எழுதலாம்? இரண்டு தண்ணீரைக் கலந்து பதத்துக்குக் கொண்டுவருவதற்குத் தமிழில் ஒரு அருமையான வார்த்தை இருக்கிறதே என்று எனக்குள் ஒரு புலவர் முழித்துக்கொண்டார். அந்தப் புலவர் அதற்கு முன்னும் பின்னும் முழித்ததே இல்லை. பெரிய எழுத்தில் எழுதினேன்: விளாவு.

செல்வி அக்கா விறகுக் கட்டோடு வந்து, எழுத்துக் கூட்டாமல் ஒரே பார்வையில் படித்தார். (பத்தாவது வரை படித்தவர். இது முக்கியம்.)

"இன்னா தம்பி இது? வெளாவுன்னா சுடுதண்ணில பச்சத்தண்ணி ஊத்துறது. நீ பச்சத்தண்ணில இல்ல சுடுதண்ணிய ஊத்துற? தலகீழா எழுதிக்கீறியே."

"எல்லாம் கலக்கறதுதானேக்கா. ஒண்ணுதான்."

"எப்டி ஒண்ணாவும்? கொதிக்குதுன்னா வெளாவுவோம். ஆறிப்போச்சுன்னா யாருனா வெளாவுவாங்களா? உங்கூட்ல அப்டியா வெளாவுவீங்க?"

நான் அவருக்கு ஒரு பிரசங்கம் பண்ணினேன். தண்ணீர், சூடு, கலவை, சமநிலை, எல்லாம் வந்தது அதில். அக்கா முழுதும் கேட்டுவிட்டு, "சரி வுடு, எனக்குத் தெரியும் எது இன்னான்னு. வேற எவனும் இத்தத் தொடாம இருந்தா சரி" என்று சொல்லிவிட்டு விறகு அடுக்கப் போய்விட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. பாய்லருக்கு வைத்தியம் பார்த்தவனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாரே என்று.

தை மாசம், முகூர்த்த நாள். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. சம்பந்தி வீட்டார் முதல் நாளே அடையாறிலிருந்து வந்து மூன்று மாடியிலும் நிரம்பியிருந்தார்கள். நான் கொட்டகையில் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நான் டைனிங் ஹாலில் இருந்தேன். முதல் பந்தியில் பொங்கல் சூடாக இருக்கும், அதுதான் காரணம், வேறு எதுவும் இல்லை. செல்வி அக்காவை மாமாவே முதல் மாடிக்கு அனுப்பியிருந்தார், அங்கே ஒரு குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. ஆகவே கொட்டகையில் பாய்லரும் என் எழுத்தும் மட்டும் இருந்தன.

அப்போது சம்பந்தி மாமி மாடிப்படியில் இறங்கி வந்து, "வெந்நீர் ரொம்பக் கொதிக்கறதே, கையே வைக்க முடியலையே" என்று சொல்லியிருக்கிறார். குறையாகக்கூடச் சொல்லவில்லை, சும்மா சொல்லியிருக்கிறார். ஆனால் பெண்ணைப் பெற்றவர் காதில் சம்பந்தி சும்மா சொல்வது என்று எதுவும் கிடையாது. மாமா பட்டு வேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தானே கொட்டகைக்கு ஓடினார். போனால், எதிரே சுவரில் சிவப்பில் கொட்டை எழுத்து. வெந்நீர் கொதிக்கிறது. வால்வுக்கு மேலே 'விளாவு' என்று இருக்கிறது. தமிழ் பேசுகிற எந்த மனுஷனும் என்ன செய்வானோ அதைத்தான் மாமா செய்தார். முழுசாகத் திறந்துவிட்டார்.

பிறகு டைனிங் ஹாலுக்கு வந்து, எனக்கு இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்த சம்பந்தி மாமாவிடம் பெருமையாகச் சொன்னார்: "நானே போய் விளாவி விட்டுட்டு வந்துட்டேன். இனிமே இதமா வரும், ஜோரா ஸ்நானம் பண்ணலாம்."

அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் சம்பந்தி பக்கத்தில் இலையில் உட்கார்ந்திருக்கும்போது பாதியில் எழுந்து போனால் மரியாதையா? கொஞ்சம்தான் திருகியிருப்பார், ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வடையும் வாங்கிக்கொண்டேன்.

குறுக்குப் பைப்பை முழுசாகத் திறந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லிவிடுகிறேன். கீழேயே வழி கிடைத்த வெந்நீர் எதற்கு மூன்று மாடி ஏறும்? சுடச்சுட வெளியே வந்து சுடச்சுட உள்ளே போய்விடும். மாடியில் குழாயைத் திறந்தால் தொட்டியின் பச்சைத் தண்ணீர் மட்டும் வரும், தை மாசத்துத் தண்ணீர். சம்பந்தி சாப்பிட்டுவிட்டுக் குளிக்கிறவர் இல்லை, குளித்துவிட்டு வந்தவர். அவருடைய தம்பிதான் அப்போது குளித்துக்கொண்டிருந்தார். ஆமாம், அவரேதான். பைபாஸ் ஆனவர். முதல் சொம்பு அவர் தலையில். அவர் போட்ட சத்தம் வடை பரிமாறுகிறவர் கைவரை கேட்டது, இரண்டாவது வடை என் இலையில் விழாமல் தரையில் விழுந்தது. (மனுஷர் இன்றைக்கும் கல்லுக்குண்டாக இருக்கிறார். தினமும் பச்சைத் தண்ணீரில்தான் குளிக்கிறாராம்.) அவரைத் தொடர்ந்து அறை அறையாகக் கதவு திறந்தது. தலையில் சீயக்காயோடு ஒருவர், கண்ணில் சோப்போடு ஒருவர், இடுப்பில் துண்டும் வாயில் வசவுமாக ஆறேழு பேர் வராந்தாவில் நின்றார்கள்.

ஒன்று சொல்லியாக வேண்டும். அன்றைக்கு பாய்லருக்கு ஒரு பொட்டுப் பச்சைத் தண்ணீர்கூடப் போகவில்லை. எந்தப் பச்சைத் தண்ணீரிலிருந்து பாய்லரைக் காப்பாற்ற நான் பாடுபட்டேனோ, அத்தனையையும் சம்பந்தி வீட்டார் தலையில் ஊற்றிக் காப்பாற்றிவிட்டேன்.

வாசலில் அந்த நேரம் காசி யாத்திரை. மாப்பிள்ளை குடை, தடி, விசிறி எல்லாம் எடுத்துக்கொண்டு சந்நியாசம் போவதாகப் பாவனை பண்ணிக் கிளம்புவார், பெண்ணைப் பெற்றவர் போய்த் தடுத்து, என் பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கொள் என்று அழைத்து வருவார். மாப்பிள்ளை நாலு அடி வைத்திருப்பார். பின்பக்கம் தன் சூட்டைத் தானே குடித்துக் கொதித்துக்கொண்டிருந்த பாய்லரின் சேஃப்டி வால்வு திறந்து, வீல் என்று அலறியபடி ஆவியைக் கக்கியது. நாயனக்காரர் வாசிப்பை நிறுத்தினார். யாரோ "பாய்லர் வெடிக்கப் போறது!" என்று கத்தினார்கள். மாப்பிள்ளை குடையோடு ஓட்டம் பிடித்தார். பாவனை எல்லாம் இல்லை, நிஜ ஓட்டம். தெருக்கோடி இளநீர் வண்டிக்குப் பின்னால் கண்டுபிடித்தார்கள். மாமா போய்க் கையைப் பிடித்துக் கெஞ்சி அழைத்து வந்தார், அதுவும் நிஜக் கெஞ்சல்.

நான் கொட்டகைக்கு ஓடியபோது செல்வி அக்கா எனக்கு முன்னால் வந்துவிட்டிருந்தார். எல்லோரும் வாசல் பக்கம் ஓடியபோது அவர் ஒருத்தர்தான் பாய்லர் பக்கம் ஓடிவந்தவர். அடுப்பிலிருந்து எரிகிற விறகுகளைக் கம்பியால் வெளியே இழுத்துப் போட்டு, வால்வைப் பழையபடி கால் வாசிக்குத் திருகி, கையைப் பச்சைத் தண்ணீர் வாளிக்குள் விட்டுக்கொண்டு நின்றார். இரும்புப் பிடி கொதித்துப் போயிருந்திருக்கிறது, உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. கால் மணி நேரத்தில் மாடியில் வெந்நீர் வந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

மாமா சம்பந்தியையும் அவர் தம்பியையும் அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஏம்மா செல்வி, என்ன காரியம் பண்ணிட்டே! நான் ஒழுங்கா விளாவி வெச்சுட்டுப் போனேனே, அதுல போய் எதையோ திருகிட்டியே!"

மாமா பொய் சொல்லவில்லை. அவர் விளாவினார். விளாவினால் இதமாக வரும். வரவில்லை. ஆகவே அவருக்குப் பின்னால் யாரோ கெடுத்திருக்கிறார்கள். அவர் கணக்கில் பிசகே இல்லை. உண்மை தெரிந்தவர்கள் அங்கே இரண்டே பேர், நானும் செல்வி அக்காவும்.

"நான் எங்க மொதலாளி தொட்டேன்? நீங்கதான மேல அனுப்பினீங்க? வந்து பாத்தா முழுசா தொறந்து கீது. தம்பி கைல கேளுங்க. தம்பி, நீ சொல்லு, வெளாவுனா இன்னா ஆவும்னு நீ சொல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சம்பந்தி பார்த்தார், மாமா பார்த்தார். உங்களால்தான் மாமா என்று அவர் சம்பந்திக்கு எதிரிலேயே நான் சொல்ல வேண்டும். இல்லை, நான்தான் தப்பாக எழுதினேன் என்று சொல்ல வேண்டும். இரண்டில் எதைச் சொன்னாலும் சிநேகிதர் கம்பெனி வேலை போச்சு. நான் சொன்னது இது:

"நான் தெளிவாத்தான் சொல்லிக் குடுத்திருந்தேன் மாமா."

வார்த்தைக்கு வார்த்தை உண்மை. அதைவிட அயோக்கியத்தனமான வாக்கியம் ஒன்றை நான் இன்றுவரை பேசியதில்லை. செல்வி அக்கா வாளியிலிருந்து கையை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டு வெளியே போனார்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. அடுத்த மாசம் இருபத்து நாலு ரூமிலும் கீசர் மாட்டினார்கள். செல்வி அக்காவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பாய்லரை எடைக்குப் போட்டபோது கடைக்காரர்கள் அங்கேயே வெட்டினார்கள். நானும் வேடிக்கை பார்த்தேன். உள்ளே துரு இல்லை, ஓட்டை இல்லை, வயிறு சுத்தமாக இருந்தது. என் வைத்தியம் பலித்திருந்தது. எனக்கு வேலையும் கிடைத்தது. என்ன கம்பெனி என்றால், வால்வு செய்கிற கம்பெனி. சிரிக்க வேண்டாம்.

நான் செல்வி அக்காவைத் தேடிப் போனேன் என்று இங்கே எழுத ஆசையாக இருக்கிறது. போகவில்லை. ஐந்தாறு வருஷம் கழித்து அடையாறில் ஒரு ஆபீஸுக்கு மீட்டிங் போயிருந்தேன். லிஃப்ட் வாசலில் நீல யூனிஃபார்மில் தரை துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "ஈரமா கீது, பாத்து வா தம்பி" என்றார். அப்புறம்தான் இரண்டு பேருக்கும் யார் என்று தெரிந்தது.

ஆற்றங்கரையைக் காலி பண்ணிப் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்துவிட்டார்களாம். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாராம். பெரிய பெண்ணுக்குப் படிப்பை நிறுத்திக் கல்யாணம் பண்ணியாகிவிட்டது, சின்னவள் படிக்கிறாள். எல்லாவற்றையும் சாதாரணமாகச் சொன்னார். நான் என்னென்னவோ உளறினேன். கடைசியில், "அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும்க்கா. எனக்கு வேலை வேணும்னு இருந்தது" என்றேன்.

"எனுக்கு மட்டும் வோணாமா?"

பர்ஸை எடுக்கப் போனேன். அக்காவுக்குக் கோபம் வந்தது அப்போதுதான். "உள்ள வை அத்த. எதுனா பண்ணணும்னா ஒண்ணு பண்ணு. உங்க மாமா கைல போய், செல்வி அத்தத் தொடலன்னு சொல்லு. எல்லாரும் கீறப்ப சொல்லு. அம்மாங்கூட்டத்துக்கு முன்னால இல்ல என்னிய சொன்னாரு?"

சரி என்றேன். சரி என்று சொன்னதற்கப்புறமும் எட்டு வருஷம் ஆயிற்று. (எல்லோரும் இருக்கிற சமயம் அமைய வேண்டாமா என்று ஒவ்வொரு தடவையும் தள்ளிப்போட்டேன். ஒவ்வொரு தடவையும் எல்லோரும் இருந்தார்கள்.)

போன வருஷம் மாமாவுக்கு சதாபிஷேகம், மயிலாப்பூரில். மாமாவையும் மாமியையும் பலகையில் உட்காரவைத்து ஆளுக்கு ஒரு குடமாக ஜலம் ஊற்றினார்கள். மாமா நடுங்கினார். வைஷ்ணவி புருஷன், அதே காசி யாத்திரைக்காரர்தான், உரக்கச் சொன்னார்: "ரகுவைக் கூப்பிடுங்கோ, வந்து விளாவட்டும்!" மொத்த ஹாலும் சிரித்தது. உடனே ஜோக் ஆரம்பம். நான் இன்ஜினியர் ஆனது, சைக்கிள் பெடல், பைபாஸ்காரர் தலையில் சொம்பு, கடைசியில் எப்போதும் வரும் வரி: "எழுதப் படிக்கத் தெரியாதவளை வெச்சுண்டா அப்படித்தான், எதையோ திருகிட்டா."

எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. எழுந்து நின்று சொன்னேன். அவருக்குப் படிக்கத் தெரியும். அவர் அதைத் தொடவே இல்லை. திறந்தது மாமா. மாமா திறந்ததற்குக் காரணம் நான் தலைகீழாக எழுதி வைத்தது. அது தப்பு என்று அக்கா என்னிடம் முன்கூட்டியே சொன்னார். எல்லாம் தெரிந்து அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் மாமா, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"அடப்பாவி! அப்போ என் மாப்பிள்ளையைக் காசிக்குத் தொரத்தினது நான்தானா?"

ஹால் அதிர்ந்தது. சம்பந்தி மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பைபாஸ்காரர் எழுந்து வந்து மாமா தலையில் இன்னொரு குடம் ஊற்றிப் பழி தீர்த்துக்கொண்டார். அவ்வளவு நல்ல ஜோக்கை அந்தக் குடும்பம் கேட்டதே இல்லை. நான் மாமா பக்கத்தில் குனிந்து சொன்னேன்: "மாமா, செல்வி அக்காவுக்கு அதுல வேலை போச்சு."

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு இன்னும் பாக்கியிருந்தது.

"செல்வியா? யாருடா அது?"

இப்போது அந்த ஜோக் புது முடிவோடு ஓடுகிறது. நான் எழுதுகிறேன், மாமா திறக்கிறார், மாப்பிள்ளை ஓடுகிறார். முன்னைவிட நன்றாகவே எடுபடுகிறது. செல்வி அக்கா அதில் வருவதே இல்லை. முன்பு திட்டு வாங்குவதற்காவது வந்துகொண்டிருந்தார்.